கண்ணை மூடினால் ஏழாம் படுக்கை தெரிகிறது

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 36. அரசாங்க மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் 13 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் என் வார்டில் ஒரு தமிழ்த் தாத்தா மூன்று வாரம் இருந்தார். இரவு மருந்து கொடுக்கப் போகும்போதெல்லாம் ‘சாப்பிட்டியா தாயி?’ என்று கேட்பார். என் இரவு ஷிப்டில்தான் இறந்தார். குடும்பத்துக்குப் போன் செய்து, உடலைத் துடைத்து, கணினியில் பதிவெல்லாம் முடித்தேன். விடிவதற்குள் அதே படுக்கைக்கு அடுத்தவர் வந்துவிட்டார். அன்று நான் அழவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே அழுகை வரவில்லை. போன வாரம் ஒரு நோயாளியின் மகள் என் முன்னால் நின்று அழுதார். நான் மணி பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைக் கண்டு எனக்கே பயமாக இருக்கிறது.

மருத்துவமனையில் தியானப் பயிலரங்குக்கு அனுப்பினார்கள். மூச்சைக் கவனியுங்கள் என்றார்கள். இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் உட்கார்கிறேன். ஒன்று தூங்கிவிடுகிறேன், இல்லையென்றால் ஏழாம் படுக்கை தெரிகிறது, நெஞ்சு அடைக்கிறது. ஆள் போதாத வார்டில் ஓடிக்கொண்டிருப்பவளிடம் மூச்சைக் கவனி என்றால் கோபமும் வருகிறது. மாமியார் கோயிலுக்கு வா என்கிறார். வேலையையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. தியானம்கூட ஒழுங்காக வராதவள் நான். என்ன செய்ய? – பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்.

தங்கைக்கு,

கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். தாத்தாவின் அடையாளங்களையும் படுக்கை எண்ணையும் மாற்றிவிட்டேன், கவலை வேண்டாம்.

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். இரவு முழுக்கக் காலில் நின்று, காலையில் ரிப்போர்ட் கொடுத்து, கூட்டத்துக்கு நடுவே எம்ஆர்டி ரயிலில் வந்து, பிள்ளைகள் அப்படியே போட்டுவிட்டுப் போன தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒருத்தி கண்ணை மூடி உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். வராமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். அந்த நேரத்தில் தியானம் செய்யாதீர்கள். தூங்குங்கள். காலை வெயில் கண்ணில் பட்டாலே மூளை பொழுது விடிந்துவிட்டது என்று முடிவுகட்டி, தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பைக் குறைத்துவிடும். அதனால் மருத்துவமனை வாசலிலேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள், யார் சிரித்தாலும் சரி. படுக்கையறைக்குத் தடிமனான திரை போடுங்கள். காப்பியில் இருக்கும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை ஐந்து மணிக்குக் குடித்த காப்பி பத்து மணிக்கும் உள்ளே பாதி உட்கார்ந்திருக்கும். கடைசிக் காப்பியை இரண்டு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். நடுப்பகலில் தூங்குகிற தாதியைத் தட்டி எழுப்பி, சாம்பாருக்குப் புளி எங்கே இருக்கிறது என்று கேட்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சு அடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உட்காரும்போது மட்டும் வருகிறதா, படி ஏறும்போதும் வருகிறதா? இரண்டாவது என்றால் முதலில் ஒரு இசிஜி. நோயாளி ஒருவர் இப்படிச் சொன்னால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள்.

அப்புறம் கோபம். அது நியாயமான கோபம். உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, பணிச் சோர்வு என்று நாம் சொல்லும் இந்த நிலையை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை, வேலையிடத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்வு என்றே குறித்தது. சரியாகக் கையாளப்படாத, தீராத வேலையிட அழுத்தத்திலிருந்து வருவது என்று விளக்கமும் கொடுத்தது. அதற்குச் சொல்லப்பட்ட மூன்று அடையாளங்களில் ஒன்று ஓய்ந்து போவது. இன்னொன்று வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்து போவது. மூன்றாவது, செய்வது எதுவும் உருப்படியில்லை என்று தோன்றுவது. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. வேலையிடத்தில் பிறந்த ஒன்றை உங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து நீங்கள் மட்டும் தீர்த்துவிட முடியாது. ஆள் போதவில்லை என்றால் மூச்சுப் பயிற்சி ஆள் கொண்டுவராது.

இந்தப் பயிலரங்குகளின் வேர் எங்கே என்று பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். 1979ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், பின்னாளில் எட்டு வாரமாக நிலைத்த பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். வந்தவர்கள் தீராத வலியோடு, மருத்துவம் பார்த்தும் முழுதாகக் குணம் காணாத நோயாளிகள். வலியை விரட்ட அவர் சொல்லித்தரவில்லை. வலியோடு எப்படி இருப்பது என்று சொல்லித்தந்தார். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு முழுநாள் மௌனம். நோயாளிக்கென்று தொடங்கிய அந்த எட்டு வாரத்தைச் சுருக்கிச் சுருக்கி, மதிய உணவு இடைவேளையில் ஊழியருக்கு ஒரு மணி நேரமாகக் கொடுத்தால் உங்களுக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும். தியானத்தால் பயனே இல்லை என்றும் சொல்ல வரவில்லை. 2014ல் 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைகின்றன என்று தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவ்வளவுதான் அதன் எடை. கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம்.

சரி, உங்களுக்கு ஏன் நெஞ்சு அடைக்கிறது? நோயாளியின் மூச்சை நீங்கள் எப்படி எண்ணுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, அவருக்குத் தெரியாமல் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவோம். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால்தான். இதைத் தாதிப் படிப்பின் முதலாண்டிலேயே படித்த நாம், நம் மூச்சை நாமே உற்றுப் பார்த்தால் மட்டும் அது இயல்பாக ஓடும் என்று எதிர்பார்க்கிறோம். மேலும் உங்களுக்கு மூச்சு என்பது வெறும் மூச்சு இல்லையே. இறங்குகிற மூச்சு, நின்று நின்று வருகிற மூச்சு, கடைசி மூச்சு எல்லாம் பார்த்த கண் அது. கண்ணை மூடி மூச்சைப் பார் என்று சொன்னால் அது நேராக ஏழாம் படுக்கைக்குத்தான் போகும். தியானத்தின்போது பழைய அதிர்ச்சிகள் கிளம்பிவருவதும் பதற்றம் கூடுவதும் சிலருக்கு நடப்பதுதான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டன் என்பவர் இதையே முக்கிய ஆய்வாகச் செய்துவருகிறார். கிளம்பினால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். அது தோல்வி ஆகாது.

உங்களுக்கு நான் மூச்சை எழுதித்தரப் போவதில்லை. கையை எழுதித்தருகிறேன்.

ஒரு ஷிப்டில் எத்தனை முறை கையில் கிருமிநாசினி தேய்க்கிறீர்கள்? நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், அவர் படுக்கையைத் தொட்ட பின் என்று ஐந்து தருணங்களைச் சுவரொட்டி போட்டு நம் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 விநாடி. அந்த விநாடிகளில் கை இங்கே இருக்கும், மனம் அடுத்த படுக்கையில் இருக்கும். இனிமேல் ஷிப்டுக்கு மூன்று முறை, மூன்றே மூன்று முறை, மனத்தையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். திரவம் சில்லென்று படுவது, விரலிடுக்கில் போவது, கட்டைவிரலைச் சுற்றுவது, காய்ந்து போவது. கூடவே மூச்சை ஒரு முறை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்த உடலியல்தான். கண் திறந்தே இருக்கும், நின்றபடியே செய்வீர்கள், யாருக்கும் தெரியாது. யாரும் உங்களுக்குக் கூடுதலாக நேரம் கொடுக்க வேண்டியதுமில்லை. என்னிடம் வரும் தாதியரில் பலர், முதல் வாரம் மறந்துபோய்விட்டது அக்கா என்றுதான் வருவார்கள். மறந்துவிட்டோம் என்று நினைவு வருவதும் பயிற்சியில் சேர்த்தி.

இப்போது தாத்தாவிடம் வருகிறேன்.

2003ல் நானும் வார்டில் இருந்தவள். சார்ஸ் என்ற சுவாசத் தொற்று பரவிய காலம். சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்தார்கள், அவர்களில் நம் துறை ஆட்களும் இருந்தார்கள். பார்வையாளர் யாரும் உள்ளே வரக்கூடாது என்றிருந்த நாள்களில், வேறு ஏதோ நோயோடு வந்த ஒரு பாட்டி என் வார்டில் போனார். மகன் கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு போனில் பேசினார். நான் போனைப் பாட்டியின் காதில் வைத்துப் பிடித்திருந்தேன். அன்றும் அழவில்லை, அந்த மாதமும் அழவில்லை. அடுத்த ஆண்டு தேக்கா சந்தையில் வஞ்சிர மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது, பக்கத்தில் யாரோ போனில் ‘அம்மா, கேக்குதா?’ என்று கத்தினார். அவ்வளவுதான். மீன்காரர் பயந்துபோய் எனக்கு ஒரு முக்காலி எடுத்துப் போட்டார். மீனுக்குக் காசு கொடுத்தேனா என்பதுகூட இன்றுவரை நினைவில்லை.

உங்கள் மனம் கல்லாகவில்லை. அது தாங்க முடியாததைக் கொஞ்ச காலம் மூடி வைத்திருக்கிறது. மூடும்போது ஒன்றை மட்டும் தனியாக மூடத் தெரியாது அதற்கு. எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிடும். அந்த மகள் அழுதபோது நீங்கள் மணி பார்த்தது அதனால்தான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அடுத்தவர் வலியைத் தன் வலிபோல் உணர ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். துன்பக் காட்சிகளைப் பார்க்கப் பார்க்க அவர்கள் மனம் மேலும் நொந்தது. பிறகு அதே குழுவுக்கு வேறொரு பயிற்சி: அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனமார நினைப்பது. இப்போது அதே மாதிரிக் காட்சிகளைப் பார்த்தும் ஓடிப்போகத் தோன்றவில்லை, ஒரு கதகதப்பு வந்தது. மூளையில் வேலை செய்த பகுதிகளே வேறு. அதாவது கூடச் சேர்ந்து நோவது ஒன்று, நன்மை நினைப்பது இன்னொன்று. நம்மை ஓய்த்துப்போடுவது முதலாவது. பயிலரங்கில் இந்த இரண்டாவதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. எனக்கு அதில்தான் வருத்தம், ஏனென்றால் தாதிமைத் தொழிலுக்கு அதுதான் பொருத்தமான தியானம்.

அதை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வாசகங்களாகப் பலர் சொல்லித்தருகிறார்கள். வாயில் ஒட்டாது. நமக்கு அந்தச் சிரமமே வேண்டாம். நம் பாட்டிகள் யாரைப் பார்த்தாலும், காலில் விழுந்தாலும் விழாவிட்டாலும், என்ன சொல்வார்கள்? ‘நல்லா இருப்பா.’ ‘நல்லா இரு தாயி.’ ஊசி போட்டு அழவைத்த தாதியைக்கூட நல்லா இரும்மா என்று வாழ்த்திவிட்டுப் போகிற கிழவிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு சொல் போதும். படுக்கைத் திரையை விலக்கும்போது உதடு அசையாமல், உள்ளே இருப்பவரைப் பார்த்து, நல்லா இருங்க. உள்ளே இருப்பவர் சீனப் பாட்டியாக இருந்தாலும், மலாய்க்கார மாமாவாக இருந்தாலும், உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கும் அந்தப் பதினோராம் படுக்கையாக இருந்தாலும். முதலில் ஒன்றும் தோன்றாது, வெறும் சொல்லாகத்தான் இருக்கும். இருக்கட்டும். ஷிப்டு முடிந்து சீருடையை மாற்றும்போது கண்ணாடியில் தெரிகிறவளுக்கும் ஒருமுறை சொல்லுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று இப்போதே எச்சரிக்கிறேன்.

அடுத்த முறை வார்டில் ஒருவர் இறக்கும்போது இன்னொன்று செய்து பாருங்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனத்தன் பார்ட்டல்ஸ் என்ற தாதி தொடங்கிவைத்த வழக்கம் இது. உயிர் பிரிந்த பிறகு, அந்த அறையில் இருக்கும் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பது. நிற்பதற்கு முன் ஒருவர், இவர் யாருக்கோ அப்பாவாக, யாருக்கோ நண்பராக இருந்தவர் என்று ஒரு வரி சொல்வது. பிரார்த்தனை கிடையாது, மௌனம் மட்டும். நம் ஊரில் ஒரு கட்டிலைச் சுற்றி நான்கு மதத்தவர் நிற்பார்கள், மௌனத்துக்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். உங்கள் தாதி மேலாளரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் திரைக்குள் நீங்கள் ஒருத்தி மட்டும், உடலைத் துடைக்கத் தொடங்கும் முன், கையைக் கட்டிலின் விளிம்பில் வைத்து நில்லுங்கள். படுக்கை கேட்டு அவசரப் பிரிவிலிருந்து போன் வரும், தெரியும். ஒரு நிமிடம் தாமதமாக எடுத்தால் ஒன்றும் ஆகாது.

தாத்தாவுக்கு அந்த நிமிடம் கிடைக்கவில்லை. உங்களுக்கும் கிடைக்கவில்லை. அதை இப்போது கொடுக்கலாம். அன்று உங்களோடு ஷிப்டில் இருந்த தோழியிடம், ஓய்வு நாளில் ஒரு கோப்பிக்கடையில் பாலில்லாத தேநீர், அதான் தே ஓ, வாங்கி வைத்துக்கொண்டு, அந்த இரவை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுங்கள். பக்கத்து மேசைக்குக் கேட்காமல், பெயர் சொல்லாமல். அவரும் ஒருவேளை ஆறு மாதமாகச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கலாம்.

மாமியார் கூப்பிட்டால் கோயிலுக்குப் போங்கள், பிடித்திருந்தால். பிரகாரத்தை மெதுவாகச் சுற்றுவது கண் திறந்து செய்கிற தியானம்தான். பிடிக்கவில்லை என்றால், ‘அத்தை, இன்னிக்குத் தூங்கணும்’ என்று சொல்லலாம்.

வேலையை விடுவது பற்றி, இரவு ஷிப்டு ஓடும் வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். விடுவதற்கும் தொங்கிக்கொண்டிருப்பதற்கும் நடுவே நிறைய இருக்கிறது: கொஞ்ச காலம் இரவு ஷிப்டு வேண்டாம் என்று கேட்பது, வெளிநோயாளர் பிரிவுக்கோ சமூகத் தாதிமைக்கோ மாற்றல் கேட்பது, சேர்ந்து கிடக்கும் விடுப்பை எடுப்பது. கேட்கப் போகும்போது ‘ரொம்பக் களைப்பா இருக்கு’ என்று போகாதீர்கள். போன இரண்டு மாதத்தில் எத்தனை இரவுகள், எத்தனை நாள் நேரம் தாண்டி வீட்டுக்குப் போனீர்கள், எத்தனை முறை சாப்பாட்டு இடைவேளை போயிற்று என்று தாளில் குறித்துக்கொண்டு போங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஒருத்தியாகப் போனால் அது உங்கள் மனநலப் பிரச்சினை ஆகிவிடும், மூன்று பேர் போனால் அட்டவணைப் பிரச்சினை ஆகும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு நாளிலும் தூக்கம் வராமல், பிள்ளைகளோடு இருந்தாலும் எதிலும் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, அந்த இரவு கனவில் திரும்பத் திரும்ப வந்தாலோ, கையும் மூச்சும் போதாது. பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் பேசுங்கள். அங்கிருந்து மேற்கொண்டு அனுப்பினால் கட்டணச் சலுகையும் உண்டு. உங்கள் மருத்துவமனையில் யாராவது பார்த்துவிடுவார்களே என்று தயங்கினால் வேறு வட்டாரத்து மருந்தகத்துக்குப் போங்கள். மனம்விட்டுப் பேச 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் ஒரு கணம் எட்டிப்பார்த்தாலும், எந்த நேரமானாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767. தாதி என்பதற்காக அந்த எண்ணை நோயாளிக்கு மட்டும்தான் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். ‘சாப்பிட்டியா தாயி’ என்று தாத்தா கேட்டதை மூன்று பக்கக் கடிதத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. அதை எனக்கு எழுதி அனுப்புங்கள். பத்திரிகைக்கு வேண்டாம், எனக்கு மட்டும். முதலில் நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டு.